வாய் தெரியாத நாட்கள்

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் வேப்பமரத்தடியில் நான் நின்றிருந்தேன். நடுவில் கம்பி, கம்பிக்குப் பின்னால் கொசுவலை. தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு மாட்டிய நர்ஸம்மா ஒருவர் ஒவ்வொரு கட்டிலாக நின்று, கேட்டு, எழுதிக்கொண்டு வந்தார்.

எங்கள் கட்டிலுக்கு வந்தார். "மூச்சு முட்டுதாய்யா? படுத்தா சிரமமா இருக்கா?"

வெளியில் நின்ற எனக்கே அது கேட்டது. அவருக்குக் கேட்காது. அவர் நர்ஸம்மாவின் முகத்தைப் பார்த்தார். அங்கே கண்ணாடியும் துணியும்தான் இருந்தன. அவர் மரியாதையாகத் தலையை ஆட்டினார். பிறகு வலது கையை மூடிக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

நர்ஸம்மா எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

"அவுகளுக்குக் காது கேக்காதும்மா! விடியக்காலையில இருந்து முட்டுதுன்னுதாம்மா சொல்லிக்கிட்டிருந்தாக!" என்று கத்தினேன். இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டு கத்தினால் யாருக்குக் கேட்கும்? பின்னால் ஆம்புலன்ஸ் வேறு வந்து நின்று அலறிக்கொண்டிருந்தது.

போன வாரம் இந்தத் தொடரில் நான் தையல் கடை போட்ட கதையை எழுதியிருந்தேன். படித்துவிட்டுப் பரளச்சியிலிருந்து ஒரு வாசகி போன் செய்தார். "வீட்டுக்காரரப் பத்தி ஒரு வரி கூட எழுத மாட்டேங்கிறீங்களே அக்கா, சண்டையா?" என்று கேட்டார். சண்டை இல்லை தாயி. எழுத உட்கார்ந்தால் மேலே சொன்ன ஜன்னலில் போய் நின்றுவிடுகிறேன். அதைத் தாண்டிப் போக முடியவில்லை. இந்த வாரம் எப்படியாவது தாண்டிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

தறி தின்ற காது

அவர் பெயர் குருசாமி. ஊர் பரளச்சிப் பக்கம். அப்பா, அம்மா, அண்ணன் எல்லோரும் காட்டு வேலைக்குப் போனவர்கள். மழை பெய்தால் களையெடுப்பு, பெய்யாவிட்டால் கருவேல மரம் வெட்டிக் கரிமூட்டம். பதினாறு வயதில் இவர் மட்டும் பஸ் ஏறி அருப்புக்கோட்டைக்கு வந்து விசைத்தறிப் பட்டறையில் சேர்ந்தார். வெயிலில் நிற்க வேண்டாம், தலைக்கு மேல் கூரை இருக்கிறது என்பதே அவருக்கு ராஜ வேலையாகத் தெரிந்ததாம்.

அது தகரக் கூரை. கீழே வரிசையாகத் தறிகள். ஒரு தறியின் சத்தமே ஒரு தெருவுக்குப் போதும். அத்தனையும் சேர்ந்து ஓடினால் பக்கத்தில் நிற்பவர் அலறினாலும் காதில் விழாது. கல்யாணமான புதிதில் சாப்பாட்டுத் தூக்குடன் வாசலில் நின்றிருக்கிறேன். நெஞ்சுக்கூடு அதிரும். சாப்பாட்டை நீட்டிவிட்டு ஓடி வந்துவிடுவேன். அவர் அதற்குள் முப்பத்தைந்து வருஷம் இருந்தார்.

பட்டறைக்குள் யாரும் சத்தம் போட்டுப் பேசமாட்டார்கள். வாயை மட்டும் அசைப்பார்கள், மற்றதைக் கை பார்த்துக்கொள்ளும். இரண்டு விரலைக் கத்தரிபோல் காட்டினால் நூல் அறுந்துவிட்டது. மீசையை முறுக்கினால் முதலாளி வருகிறார். கையை மூடிக் கட்டைவிரலைத் தூக்கினால் தறி நன்றாக ஓடுகிறது, ஒரு குறையும் இல்லை, நீங்கள் போகலாம்.

காது ஒரே நாளில் போகவில்லை. முதலில் கொலுசுச் சத்தம் கேட்கவில்லை என்றார். பிறகு குக்கர் விசில். மகள் பிறந்தபோது அவள் அழுவது பாதிதான் கேட்டது. அவள் வயசுக்கு வந்தபோது எதுவுமே கேட்கவில்லை. காது மிஷின் வாங்கி மாட்டிவிட்டேன். "ஊரே தறியா ஓடுது செம்பகம்" என்று கழற்றி அலமாரியில் வைத்தவர்தான், பிறகு அதைத் தொடவே இல்லை.

வீட்டுக்குள் எங்களுக்கு அது ஒரு குறையாகத் தெரிந்ததில்லை. என் வாயைப் பார்த்தால் போதும், எல்லாவற்றையும் பிடித்துவிடுவார். நான் சத்தமே வராமல் பேசுவேன். அவர் காது கேளாதவர்கள் எல்லோரையும் போலத் தெரு முழுக்கக் கேட்கும்படி பேசுவார். அதனால் சண்டை வந்தால் அக்கம்பக்கத்துக்கு அவர் பக்கம் மட்டும்தான் கேட்கும். "பாவம் அந்த செம்பகம், ஒரு வார்த்த எதுத்துப் பேச மாட்டா" என்று தெருவில் எனக்கு நல்ல பெயர். நான் பேசிய பேச்சு அவருக்கு மட்டும்தான் தெரியும்.

தலையாட்டி மாப்பிள்ளை

ஒரு பழக்கத்தைச் சொல்லாவிட்டால் மேலே எழுதப் போவது புரியாது.

பட்டறைக்காரர்கள் கேட்காததைத் திருப்பிக் கேட்கமாட்டார்கள். திருப்பிக் கேட்டாலும் கேட்கப்போவதில்லை. முதலாளி வந்து வாயை அசைத்துவிட்டுப் போனால் தலையை ஆட்டுவார்கள். மேஸ்திரி வந்தால் தலையை ஆட்டிக் கட்டைவிரலைக் காட்டுவார்கள். தறி ஓடிக்கொண்டிருக்கும்வரை அந்தப் பதில் போதும். பட்டறையை விட்டு வெளியே வந்தாலும் அந்தத் தலை நிற்காது. பஸ்ஸில், டீக்கடையில், கல்யாண வீட்டில், யார் எதைக் கேட்டாலும் ஒரு தலையாட்டு, ஒரு கட்டைவிரல்.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று என் அப்பா அவரிடம் மூன்று கேள்வி கேட்டார். மூன்றுக்கும் நல்ல பிள்ளையாகத் தலையை ஆட்டினார். அதில் ஒரு கேள்வி, "மாப்பிள குடிப்பீகளோ?" அப்பா அன்று ராத்திரி சாப்பிடவே இல்லை. உண்மையில் அவர் ஒரு சொட்டுக்கூடத் தொடாதவர்.

என்னிடம் மட்டும் அப்படித் தலையாட்டமாட்டார். புரியவில்லை என்றால் "என்னது? திரும்பச் சொல்லு" என்று முகத்துக்கு நேரே வந்து நிற்பார். அவர் திரும்பக் கேட்டது உலகத்தில் என் ஒருத்தியிடம்தான்.

மஞ்சள் பூப்போட்ட மாஸ்க்

கொரோனா வந்தது. ஊரடங்கில் பிளவுஸ் தைக்க யார் வருவார்கள்? மாஸ்க் தைத்தேன். லைனிங் துணி, பிளவுஸ் பிட்டு, எது மிச்சம் கிடந்ததோ அதில் தைத்தேன். எலாஸ்டிக் கடையில் தீர்ந்தது. பாவாடை நாடாவை வைத்துப் பின்னால் முடிச்சுப் போடுகிற மாதிரி தைத்துக் கொடுத்தேன். கொண்டைக்காரிகள் சண்டைக்கு வந்தார்கள். ஒரு கல்யாண வீட்டார் பட்டுச்சேலைக்கு மேட்சாக ஜரிகை வைத்துக் கேட்டார்கள். தைத்துக் கொடுத்தேன். பெண்ணுக்கு ஜரிகை குத்தி உதடெல்லாம் சிவந்துவிட்டது.

எங்கள் ஊர் வெயிலுக்கு முகத்தில் துணி கட்டுவது என்பது தண்டனை. மூக்குக்குக் கீழே வேர்வை குளம் கட்டும். காதுக்குப் பின்னால் புண்ணாகும். காலையில் கடித்த வெங்காயம் சாயங்காலம்வரை கூடவே இருக்கும். எனக்குத் தைக்கும்போது கண்ணாடி வேறு வேண்டும். மூச்சு விட்டால் கண்ணாடி மங்கும். கண்ணாடியைத் துடைத்தால் ஊசி நழுவும். வெற்றிலை போடுகிறவர்கள் துப்புவதற்கு இறக்கினார்கள், தும்முகிறவர்கள் மாஸ்க் பாழாகிவிடுமே என்று தும்முவதற்கு இறக்கினார்கள். மற்ற நேரம் எல்லோருக்கும் அது தாடையில் கிடந்தது.

பட்டா வேலையாகத் திருச்சுழிக்குப் போயிருந்தேன். ஆபீஸ் வாசலில் மாஸ்க் இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டேன் என்று ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளேயிருந்து வருகிறவர்கள் கழற்றி வெளியில் நிற்கிறவர்களிடம் கொடுத்தார்கள். அவர்கள் அதை மாட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். மஞ்சள் பூப்போட்ட மாஸ்க் ஒன்று ஒரே காலையில் மூன்று முகத்தில் உள்ளே போய் வந்தது. அது நான் தைத்தது. என் தையல் எனக்குத் தெரியாதா? சிரித்தேன். அன்றைக்கு அதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது.

எங்களுக்கெல்லாம் வேர்வையும் புண்ணும்தான் தொல்லை. அவருக்கோ ஊரில் ஒருவருக்கும் வாயில்லாமல் போய்விட்டது.

கடைக்கு அனுப்பினால் உளுந்து வாங்கிவருவார், தொலி உளுந்து ஒரு பை, முழு உளுந்து ஒரு பை. கடைக்காரர் எதுவென்று கேட்டிருப்பார், இவர் தலையை ஆட்டியிருப்பார். பஸ்ஸில் கண்டக்டர் ஊர் பெயரைக் கேட்டால் தலையாட்டு. பட்டறையில்கூட எல்லோரும் மூடிக்கொண்டு நின்றார்கள். முப்பத்தைந்து வருஷமாகப் பேசிக்கொண்டிருந்த இடம் ஊமையாகிவிட்டது.

"காது கேக்காது, கொஞ்சம் எறக்கிட்டுப் பேசுங்கன்னு வாயத் தொறந்து சொன்னா என்ன?" என்று சண்டை போட்டேன்.

"அவுக எதுக்கு எனக்காண்டி நோயில விழுகணும்?" என்றார். பெரிய மனசு பாதி, வெட்கம் பாதி. காது கேட்காது என்று அந்நியரிடம் தன் வாயால் அவர் சொன்னதே கிடையாது.

ஒருநாள் பந்தல்குடி ரோட்டில் சைக்கிளில் போனவரைப் போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தியிருக்கிறார். எங்கே போகிறாய் என்று கேட்டிருப்பார், தலையை ஆட்டியிருக்கிறார். ஊரடங்கு தெரியாதா என்றிருப்பார், அதற்கும் ஆட்டியிருக்கிறார். கடைசியில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறார். கேலி செய்கிறான் என்றுதானே எவருக்கும் தோன்றும்? கெண்டைக்காலில் ஒரு அடி விழுந்தது.

நான் விளக்கெண்ணெய் தேய்த்துவிட்டேன். "அவுக வாயே தெரியல செம்பகம். கண்ணப் பாத்தா கோவமா இருக்க மாதிரி இருந்துச்சு. அதான் சிரிச்சேன்" என்றார். மாஸ்க்குக்குள் சிரித்தால் யாருக்குத் தெரியும்? எனக்கு அழுகை வந்தது. அவர் பார்த்துவிடக் கூடாது என்று குனிந்து தேய்த்துக்கொண்டிருந்தேன்.

ஜன்னல் வைத்த மாஸ்க்

தையல்காரி சும்மா இருப்பேனா? மாஸ்க்கில் உதட்டளவுக்கு ஒரு ஓட்டை வெட்டினேன். புதுச்சேலை வருகிற பிளாஸ்டிக் உறையை அந்த அளவுக்கு நறுக்கி உள்பக்கம் வைத்துத் தைத்தேன். மாட்டிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். "காப்பி குடிக்கிறீகளா?" என்று கேட்டேன்.

முகம் மலர்ந்துவிட்டது. "குடிப்பேன்!" என்று தெருவுக்கே சொன்னார்.

காப்பியைப் போட்டுக்கொண்டு வருவதற்குள் பிளாஸ்டிக்கில் மூச்சுப் பட்டு மங்கிவிட்டது. துடைத்தேன். நாலு வார்த்தையில் மறுபடியும் மங்கியது. சோப்பைத் தடவினால் மங்காது என்றார்கள், தடவினேன், உதடு எரிந்தது. சின்னச் சின்ன ஓட்டை போட்டுப் பார்த்தேன். வேர்வை சொட்டுச் சொட்டாக அதற்குள் இறங்கி ஓடியது.

"மழ நேரத்துல பஸ்ஸு கண்ணாடி மாதிரி இருக்கு. உள்ள யாரு இருக்கான்னே தெரியல" என்றார். ஏழு மாஸ்க் அப்படித் தைத்தேன். ஏழையும் வெட்டுத்துணிப் பையில் போட்டுவிட்டேன். வீட்டுக்குள் நாம் இரண்டு பேர்தானே, மாஸ்க் எதற்கு என்று அந்த யோசனையையே விட்டுவிட்டேன்.

நான்கு நாள்

இரண்டாவது அலை வந்த கோடையில் எனக்குக் காய்ச்சல் வந்தது. முதல் நாள் வெக்கை என்று நினைத்தேன். இரண்டாம் நாள் மல்லிப்பூ மணக்கவில்லை. எங்கள் ஊரில் மல்லிப்பூ மணக்கவில்லை என்றால் வேறு பரிசோதனை தேவையில்லை. இருந்தாலும் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்து, ஆமாம் என்றார்கள்.

யாரிடம் வாங்கினேன் என்று தெரியாது. அளவு கொடுக்க வந்த யாராவதாக இருக்கலாம். மூச்சுப் படாத தூரத்தில் நின்று யாரும் பிளவுஸுக்கு அளவெடுக்க முடியாது. ஆனால் யாருக்குக் கொடுத்தேன் என்று தெரியும்.

வீட்டுக்குக் கணக்கெடுக்க வந்த சுகாதாரப் பெண் வாசலில் நின்று சொன்னார்: "அக்கா, தனி ரூம்புல இருங்க. வீட்டுக்குள்ளயும் மாஸ்க் போடுங்க. பேசும்போதுதான் முக்கியம். பேசும்போது கழட்டிறாதீங்க." திருப்பூரில் இருக்கிற மகளும் போனில் அதையே சொன்னாள். நான் தையல் மிஷின் இருக்கிற முன்னறையில் படுத்துக்கொண்டேன். அவர் பின்கட்டில். நடுவில் நிலைப்படி.

அவருக்குச் சமையல் தெரியாது. நிலைப்படியில் வந்து நின்றார். "அரிசிக்கு எம்புட்டுத் தண்ணி?"

இரண்டு விரலை நீட்டி மூன்றாவதைப் பாதி மடக்கிக் காட்டினேன். போனார். சோறு களியாக வந்தது. தாளில் எழுதிக் காட்டினேன். மூன்றாம் வகுப்போடு நின்ற படிப்பு, எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் அடுப்பில் இருப்பது பொங்கிவிடும். தாளைக் கீழே வைத்துவிட்டு, "நீ வாயால சொல்லு செம்பகம்" என்றார்.

அன்றைக்குத்தான் முதலில் மாஸ்க்கை இறக்கினேன். தண்ணீர் அளவைச் சொல்லிவிட்டு உடனே ஏற்றிக்கொண்டேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி. இரண்டு நாளாக அவரிடம் யாருமே பேசவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பிறகு அடிக்கடி வந்தார். உப்பு எங்கே என்று வந்தார். மகள் போனில் என்ன சொன்னாள் என்று வந்தார். தண்ணீர் லாரி இன்றைக்கு வருமா என்று வந்தார். உப்பு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். நிலைப்படியிலிருந்து வாய் சரியாகத் தெரியவில்லை என்று உள்ளே வந்தார். பொழுது சாய்ந்ததும் வெளிச்சம் போதவில்லை என்று முக்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கிட்ட வராதீக. தள்ளிப் போங்க. ஒங்களுக்கும் வந்துரும்" என்றேன்.

அதை அவருக்குப் புரியவைக்க மாஸ்க்கை இறக்க வேண்டியிருந்தது. கிட்ட வராதே என்று சொல்வதற்கே முகத்துக்கு நேராக வாயைத் திறந்து காட்ட வேண்டியிருந்தது. அதை நான் நான்கு நாள், ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொன்னேன்.

ஐந்தாம் நாள் எனக்குக் காய்ச்சல் இறங்கியது. அவருக்கு ஏறியது.

சட்டையில் தைத்த துணி

மூன்று நாள் மறைத்தார். நாலாம் நாள் விடியக்காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, "முட்டுது செம்பகம்" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வருகிறதென்றால் எவ்வளவு முட்டியிருக்க வேண்டும்!

ஆம்புலன்ஸ் வருவதற்குள் ஒரு வெள்ளைத் துணியை நறுக்கி, "காது கேட்காது. வாய் அசைவைப் பார்த்தால்தான் புரியும்" என்று பேனாவால் எழுதி, அவர் சட்டையில் நெஞ்சுக்கு நேராகக் கைத்தையல் போட்டுவிட்டேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைக்குக் குத்துகிற மாதிரி இது என்ன என்று முனகினார். மூச்சு வாங்கியதால் சண்டை போடவில்லை.

எந்த ஆஸ்பத்திரி என்று எழுதமாட்டேன். அங்கே இருந்தவர்கள் தூக்கமில்லாமல் வேலை பார்த்தவர்கள். கூட ஆள் இருக்கக் கூடாது என்று என்னை வெளியே நிறுத்திவிட்டார்கள். அப்போதுதான் அந்த ஜன்னல்.

அவருக்கு நான் நிற்பது தெரியும். கையை உயர்த்துவார். மாஸ்க்கை இறக்கிப் பேசிப் பார்த்தேன். வெயிலுக்கு முதுகு காட்டி நிற்கிறேன், நடுவில் கொசுவலை, அவர் இருக்கிற இடமோ இருட்டு. என் உருவம் தெரியும், வாய் தெரியாது. கையைக் காதில் வைத்து, தெரியவில்லை என்று விரித்துக் காட்டினார்.

வேலை முடிந்து வெளியே வந்த நர்ஸம்மாவை வழிமறித்து எல்லாவற்றையும் சொன்னேன். திருச்சுழிப் பக்கத்துப் பேச்சு, சின்னப் பெண் என்று குரலிலேயே தெரிந்தது. "அய்யய்யோ, நல்லாருக்கேன்னுல்லக்கா சொன்னாரு!" என்று பதறித் திரும்ப உள்ளே ஓடினார். சாயங்காலம் ஆக்சிஜன் வைத்தார்கள். ஜன்னல் இல்லாத வார்டுக்கு மாற்றினார்கள்.

அந்தப் பெண் வேலையில் இருந்தால் கையைத் தொட்டு, நெஞ்சைக் காட்டி, சைகையில் கேட்பார். வேலை முடிந்து போகும்போது வருகிறவரிடம் சொல்லிவிட்டும் போவார். ஆனால் எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புது ஆள். எல்லோருக்கும் ஒரே வெள்ளை உடுப்பு, ஒரே மூடிய முகம். "எப்பிடி இருக்கீங்க?" தலையாட்டு. "சாப்பிட்டீங்களா?" தலையாட்டு. "மூச்சு பரவால்லயா?" தலையாட்டு, கட்டைவிரல். ஒரு தடவை அதைப் பார்த்துவிட்டு ஆக்சிஜனைக் குறைத்துவிட்டார்களாம். அந்தப் பெண் வந்துதான் மறுபடி கூட்டினாராம்.

சட்டையில் தைத்துவிட்டேனே, கண் தெரியாதா இவர்களுக்கு என்று வேப்பமரத்தடியில் நின்று எல்லோரையும் வைதுகொண்டிருந்தேன்.

ஐந்து நிமிஷம்

ஆஸ்பத்திரியில் சேர்த்த நாலாம் நாள் மத்தியானம் அந்தப் பெண் வெளியே வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அக்கா, அஞ்சு நிமிசம் உள்ள விடுறேன். நீங்க கேட்டாத்தான் சரியாச் சொல்லுவாரு. ஆனா என்ன ஆனாலும் மாஸ்க்க மட்டும் கழட்டிறாதீங்க. கழட்டுனா என் வேல போயிரும்."

சத்தியம் செய்தேன். வெள்ளை உடுப்பு மாட்டிவிட்டார். இரண்டு மாஸ்க், அதற்கு மேல் பிளாஸ்டிக் தகடு, கையுறை, தலைக்குக் குல்லா. என் வளையலும் தாலியும் எல்லாம் உள்ளே போய்விட்டன. கண்ணாடியில் பார்த்திருந்தால் எனக்கே என்னைத் தெரிந்திருக்காது.

அவர் மெலிந்து கிடந்தார். மூக்கையும் வாயையும் மூடி ஆக்சிஜன் கவசம். எப்போதும் அவர் தோளில் கிடக்கிற துண்டு நெஞ்சின் மேல் விரித்திருந்தது. துண்டை விலக்கினேன். நான் தைத்த துணி அதற்கடியில் கசங்காமல் இருந்தது. நான்கு நாளும் அதை மூடியே வைத்திருந்திருக்கிறார். நான் யாரையெல்லாம் வைதேன்!

கையைத் தொட்டேன். கண் திறந்தார். என் முகத்தைப் பார்த்தார். வாய் இருக்க வேண்டிய இடத்தையே பார்த்தார். நான் நெஞ்சைத் தொட்டு, மூச்சு முட்டுகிறதா என்று சைகையில் கேட்டேன்.

தலையை ஆட்டினார். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

என்னிடம். முப்பது வருஷத்தில் என்னிடம் காட்டாத கட்டைவிரலை என்னிடம் காட்டினார்.

நான்தான், நான்தான் என்று நெஞ்சில் அடித்துக் காட்டினேன். அவர் என் கையைப் பார்க்கவே இல்லை. அவருக்குப் பழக்கம் வாயைப் பார்ப்பதுதான். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, ஆக்சிஜன் கவசத்தை ஒரு கையால் தூக்கினார். வழக்கமான உரத்த குரல் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக மெதுவாகப் பேசினார்.

"தாயி, வெளிய வேப்பமரத்தடியில எம் பொண்டாட்டி நிப்பா. செம்பகம்னு பேரு. காலையில இருந்து ஒண்ணுஞ் சாப்புட்டுருக்க மாட்டா. போயிச் சாப்புடச் சொல்லுங்க. நாஞ் சொன்னேன்னு சொல்லுங்க, கேப்பா."

என் கை மாஸ்க்கின் ஓரத்துக்குப் போனது. இரண்டு விரல் வேலை. இறக்கி, "நான்தாங்க" என்று சத்தமில்லாமல் சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தையை அவர் இருட்டில்கூடப் படித்திருப்பார்.

இறக்கவில்லை. வீட்டில் இறக்கியதால்தானே இவர் இங்கே கிடக்கிறார் என்று கையை எடுத்துக்கொண்டேன். கதவருகே அந்தப் பெண் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், அவரிடம் சத்தியம் செய்திருந்தேன். இரண்டு பேருக்கும் வந்த நோய்தானே, இனி என் வாயிலிருந்து அவருக்கு எதுவும் போவதற்கில்லை என்கிற சாதாரண விஷயம் அந்த நேரத்தில் என் புத்திக்கு எட்டவில்லை. மறுநாள் எட்டியது. இன்றைக்கும் எட்டிக்கொண்டே இருக்கிறது. கவசத்தை அவர் மூக்கில் சரியாக வைத்துவிட்டு, துண்டைக் காலடியில் மடித்து வைத்தேன். "நேரமாச்சுக்கா" என்றார் அந்தப் பெண். அவருக்கு மூச்சு முட்டத்தான் செய்கிறது என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு அம்மா தூக்குவாளியில் இட்லி வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பசியில்லை. ஆனால் அவர் சொல்லியனுப்பிவிட்டார். இலையில் இரண்டு இட்லி வாங்கிக்கொண்டு மரத்தடிக்கு வந்தேன். ஒரு மாஸ்க்கைக் கழற்றினேன். இரண்டாவதையும் கழற்றினேன். இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். அவருக்காகக் கழற்றாததை இட்லிக்காகக் கழற்றினேன்.

இரண்டாவது இட்லியைப் பிய்க்கும்போது வார்டு வாசலிலிருந்து, "குருசாமியோட ஆளு யாரு?" என்று கூப்பிட்டார்கள். இலையை மூடி வைத்தேன். மாஸ்க்கை மாட்டிக்கொண்டு எழுந்தேன்.